முத்துப்பேச்சி கடை ஆன நாள்

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே மினி பஸ்கள் திரும்பும் வளைவில், மின்கம்பத்துக்கும் டீக்கடையின் தண்ணீர் டிரம்முக்கும் இடையில் ஐந்தடி இடம் இருக்கிறது. முத்துப்பேச்சி பத்தொன்பது வருடமாக அங்கே உட்கார்ந்து பூ விற்கிறாள்.

ஊர் நிலக்கோட்டைக்குப் பக்கத்தில். ஏழு வயதில் மல்லிகை மொட்டுப் பறிக்கப் போனவள். கல்யாணமும் பூவுக்குள்ளேயே முடிந்தது. புருஷன் ஒச்சப்பன் நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர். எந்தச் சாக்கில் நல்ல மொட்டு இருக்கிறது, எதில் தண்ணீர் தெளித்து எடை கூட்டியிருக்கிறார்கள் என்பது தோளில் வைத்ததுமே அவருக்குத் தெரிந்துவிடும். அவர் கண்ணைக் காட்டும் சாக்கில்தான் அவள் கை வைப்பாள். வாங்கிய பூவோடு பஸ்ஸின் கடைசி இருக்கையில் ஏறி, மடியில் கொட்டி, திண்டுக்கல் வருவதற்குள் பாதியைத் தொடுத்துவிடுவாள். பஸ் குலுங்கினாலும் விரல் குலுங்காது.

அவளிடம் ஒரு வாக்கியம் உண்டு. வந்த முதல் வருடம், நடைபாதையைக் காலி செய்ய லாரியோடு ஆட்கள் வந்தார்கள். பலகை, ஸ்டூல், தராசு எல்லாம் லாரியில் ஏறின. அதிகாரி இவள் பக்கம் திரும்பி, "உன் கடை எங்கம்மா?" என்று கேட்டார். அவள் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "கடை இல்லீங்க சார், கூடை" என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போய்விட்டார்.

அன்றிலிருந்து அதுவே அவளுக்குக் காப்பு. எந்த நோட்டோடு யார் வந்தாலும் அதையே சொன்னாள். கடை என்றால் ரசீது வரும், வரி வரும், லாரி வரும். கூடை என்றால் இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்துவிடலாம். பக்கத்தில் தார்ப்பாய் விரித்து வளையலும் கிளிப்பும் விற்கும் பக்ருன்னிசா, பேகம்பூர்க்காரி, இதைச் சொல்லியே அவளைக் கிண்டல் செய்வாள். "ஏ பேச்சி, உன் கூடைக்குப் பத்தொம்பது வயசாச்சு. ஒரு மாப்பிள்ளை பாக்கட்டுமா?"

மூன்று வருடம் முன்பு மகள் சுகன்யா திருப்பூரிலிருந்து பொங்கலுக்கு வந்தபோது, அம்மாவின் செல்லில் பணம் வாங்கும் ஆப்பை ஏற்றி, கட்டம் கட்டமாக இருந்த படத்தை அச்செடுத்துப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கொடுத்தாள். அதைக் கூடைக் காதில் கட்டினாள் முத்துப்பேச்சி. முதன்முதலில் ஒரு கல்லூரிப் பையன் இருபது ரூபாயை அப்படி அனுப்பியபோது, செல் மடியில் துடித்ததும் பல்லியோ என்று பயந்து எழுந்துவிட்டாள். பிறகு பழகியது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் செல் துடித்ததும் வானத்தை ஒரு பார்வை பார்ப்பாள். அங்கிருந்துதான் வருகிறது என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

இந்தத் தை மாதம், முகூர்த்தத்துக்கு முந்தின வியாழக்கிழமை. ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் பன்னிரண்டு பந்து மல்லிகை கேட்டிருந்தார்கள். ஐந்நூறு ரூபாய் அட்வான்ஸ். பனிக்காலத்தில் பூ வரத்துக் குறைந்து, விலை ஏறி நின்றது. கையிலிருந்ததை எல்லாம் போட்டு மூன்றரைக் கிலோ எடுத்தாள். நாத்தனாரையும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரையும் கூப்பிட்டு, விடிந்தும் விடியாமலும் கட்டத் தொடங்கி, பன்னிரண்டு பந்தையும் வாழையிலையில் சுற்றி ஈரத்துணி போட்டு மூடி, பதினோரு மணிக்கெல்லாம் தன் ஐந்தடிக்கு வந்து சேர்ந்தாள். மூன்று மணிக்கு அவர்கள் வேன் வரவேண்டும்.

பன்னிரண்டு மணிக்குப் போன் வந்தது. பெண்ணின் தாத்தா தவறிவிட்டார். கல்யாணம் தள்ளிப் போகிறது.

முத்துப்பேச்சி, "ஐயோ, என்ன வயசு?" என்று கேட்டாள். எண்பத்தி நான்கு என்றார்கள். "நல்ல சாவுதான்" என்றாள். போனை வைத்தாள்.

"மீதிக் காசு?" என்றாள் பக்ருன்னிசா.

"எழவு வீட்டுல போயி கேக்கச் சொல்றியாக்கா?"

"கேக்கச் சொல்லலடி. கேட்டியான்னு கேட்டேன்."

"கேக்கல."

"அதானே. நீ என்ன வயசுன்னு கேக்குறவ."

கூடையில் இருந்தது எட்டாயிரத்துச் சொச்சம். அதுதான் அவளுடைய முதல். தினமும் காலையில் போட்டு மாலையில் எடுப்பது. அது போனால் மறுநாள் ஏலத்தில் நிற்க முடியாது. கமிஷன் கடையில் கடனுக்குப் பூ எடுக்கலாம். எடுத்தால் அவர்கள் சொன்னதுதான் விலை, கொடுத்ததுதான் பூ. அப்படிப் போய் கடைசியில் பூவை விட்டுவிட்டு நூறு நாள் வேலைக்கு மண்வெட்டி எடுத்த இரண்டு பேரை அவளுக்கே தெரியும். ஒருத்தி அவளுடைய சொந்தச் சித்தி.

மல்லிகை மொட்டாக இருக்கும்வரைதான் காசு. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வாயைத் திறந்துவிடும். இரவில் வாசனையாக இருக்கும். காலையில் பழுத்துவிடும்.

மாலைக்கடைக்காரர் ஒருவர் வந்து ஈரத்துணியை விலக்கிப் பார்த்தார். "மூவாயிரம் தாரேன், மொத்தமா குடுத்துரு" என்றார். "நார்க்கூலிக்குக் காணாதுண்ணே" என்றாள். "நாலு மணிக்கு வாரேன். அப்ப ரெண்டாயிரம்" என்று சொல்லிவிட்டுப் போனார். வழியில் போகிறவர்கள் முழம் விலையைக் கேட்டார்கள், கேட்டதும் நடையைக் கூட்டினார்கள். இரண்டு மணிக்குள் நான்கு முழம் போயிருந்தது.

இரண்டேகாலுக்குக் கீர்த்தனா வந்தாள். அருகில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலை ஷிப்டு முடிந்து பஸ் ஏறும்போது, கையில் இருந்தால் ஒரு முழம் வாங்குவாள். இருபத்தி நாலு வயது இருக்கும்.

"பூக்காரக்கா, இன்னிக்கு எம்புட்டு இருக்கு?"

"உனக்கு ஒரு முழமா, ரெண்டு முழமா?"

"எல்லாம்."

"வெந்துபோயி உக்காந்திருக்கேன். வெளையாடாத பாப்பா."

"நெசமாத்தான்க்கா. சாயங்காலம் எங்கண்ணனுக்குப் பொண்ணு வீட்டுல பூ வைக்கப் போறோம், வடமதுரைக்கு. பூ என் பொறுப்புன்னு எங்க மாமா சொன்னாரு. காலையில வெலையக் கேட்டுட்டு போனை ஆஃப் பண்ணிட்டாரு. நாப்பது பொம்பளைங்க வாராங்க. வெறுந்தலையோட எப்புடிப் போறது?"

முத்துப்பேச்சி ஈரத்துணியை விலக்கினாள். பன்னிரண்டு பந்தும் பச்சை இலைக்குள் கூழாங்கல் மாதிரி வெள்ளையாக இருந்தன. கீர்த்தனா குனிந்து பார்த்தாள். இரண்டு பேரும் விலை பேசினார்கள். அதிக நேரம் ஆகவில்லை. ஒருத்திக்கு விற்றாகவேண்டும், ஒருத்திக்கு வாங்கியாகவேண்டும். ஒன்பதாயிரத்து ஐந்நூறில் நின்றது.

"ஆனா ஒண்ணுக்கா. கணக்குல எனக்கு நூத்துச் சொச்சம்தான் கெடக்கு. மோதிரம் வாங்குனதுல போயிருச்சு. கிரெடிட் கார்டுல போடுறேன்."

"கிரெடிட்டுன்னா கடனா?"

"ஆமா."

"பாப்பா, நான் கடன் குடுக்கிறதில்ல. உனக்கே தெரியும்."

"ஐயோ, நீங்க குடுக்க வேணாம்க்கா. பேங்க்கு எனக்கு நாப்பதாயிரம் வரைக்கும் குடுக்குது. உங்களுக்கு இப்பவே வந்துரும், ரொக்கம் மாதிரி. கடன் எனக்கும் அவங்களுக்கும்."

"இதுல எங்கிட்டுக் கார்டு? நீ செல்லைத்தானே எடுக்குற?"

"கார்டு வீட்டுல பீரோவுல கெடக்கு. அதை ஆப்புல சேத்தாச்சு. ஸ்கேன் பண்ணினா போதும்."

பீரோவில் கிடக்கும் கார்டு, பஸ் ஸ்டாண்டில் பூ வாங்குகிறது. முத்துப்பேச்சி அதை அப்படியே விட்டுவிட்டாள். அதற்குமேல் போனால் தலை சுற்றும் போலிருந்தது.

கீர்த்தனா கூடைக் காதில் தொங்கிய அட்டைமேல் செல்லைப் பிடித்தாள். தொகையை அடித்தாள். பிறகு நெற்றி சுருங்கியது. இன்னொரு தடவை செய்தாள்.

"என்ன பாப்பா?"

"நீங்க கடை இல்லையாம்க்கா."

"என்னது?"

"இங்க பாருங்க. சேவிங்ஸ் கணக்கு மட்டும் காட்டுது, கார்டு மங்கலா இருக்கு. நீங்க தனி ஆளாம். இந்தக் கார்டுல தனி ஆளுக்கு அனுப்ப முடியாது. கடைக்கு மட்டும்தான் போகுமாம்."

முத்துப்பேச்சி முந்தானையில் கையைத் துடைத்தாள். செல்லை வாங்கி உற்றுப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். தன் பெயர் இருந்தது. அதற்குக் கீழே ஏதோ சின்ன எழுத்து.

"இதுக்கு எப்புடித் தெரியும்?" என்றாள் மெதுவாக.

"எதுங்க்கா?"

அவள் பக்ருன்னிசாவைப் பார்த்தாள். "நிசாக்கா, அந்த நோட்டுக்காரன் எழுதியிருப்பான். நான் கடை இல்லேன்னு. ஒவ்வொரு தடவையும் எழுதிக்கிட்டுத்தானே போவான்? அது இதுக்குள்ள வந்திருக்கு."

"வராம? பத்தொம்பது வருசமா ஊருக்கே கேக்குற மாதிரி சொல்லியிருக்க. செல்லுக்குக் கேக்காதா?"

பக்ருன்னிசா விளையாட்டுக்குத்தான் சொன்னாள். முத்துப்பேச்சி சிரிக்கவில்லை. அவள் வாயிலிருந்து போன ஒரு சொல் எங்கெங்கோ சுற்றி, எந்தக் கம்பி வழியாகவோ ஏறி, இன்றைக்கு அவள் மடிக்கே திரும்பி வந்துவிட்டது என்று உறுதியாக நம்பினாள். நம்புவதற்கு இடம் இருந்தது. செல்லுக்கு அவள் பெயர் தெரியும். சுகன்யாவின் பிறந்தநாள் தெரியும். மழை வரும் நாள் தெரியும்.

எழுந்து எதிரிலிருந்த பேக்கரிக்குப் போனாள். அந்த முதலாளி தினமும் அவளிடம் சாமி படத்துக்குப் பூ வாங்குகிறவர். "அண்ணே, இந்தப் பிள்ளை உங்க அட்டையில போடட்டும். எனக்கு ரொக்கமா குடுத்துருங்க."

"எவ்வளவும்மா?"

"ஒம்பதாயிரத்து ஐந்நூறு."

"ஆத்தாடி. என் கணக்குல ஏறிட்டா அது என் யாவாரம்னு எழுதிக்கிடுவான். நாளைக்கு ஆடிட்டர் ஒம்பதாயிரத்துக்கு யாருக்குப் பன்னு வித்தேன்னு கேப்பான். பூ வித்தேன்னா நம்புவானா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. திரும்பி வந்தாள். மணி இரண்டரை.

"உங்களைக் கடையா மாத்தணும்க்கா" என்றாள் கீர்த்தனா. "ஒருத்தர் வந்து பதிஞ்சு குடுப்பாருல்ல?"

ஒருவர் இருந்தார். ஆண்டனிராஜ். ஏதோ பேமெண்ட் கம்பெனியின் நீலச் சட்டை போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறி ஸ்டிக்கர் ஒட்டுகிறவர். முத்துப்பேச்சியிடம் இதுவரை மூன்று தடவை வந்திருக்கிறார். மூன்று தடவையும் அவள் அந்த வாக்கியத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறாள். டீக்கடை ஸ்டிக்கரின் ஓரத்தில் பேனாவால் எழுதிய அவர் நம்பர் இருந்தது. கீர்த்தனா போன் போட்டாள்.

கால் மணி நேரத்தில் பைக்கில் வந்து நின்றார். ஹெல்மெட்டைக் கழற்றியபடியே, "என்னக்கா, கூடை கடையாயிருச்சா?" என்றார்.

"கேலி அப்புறம் பண்ணு தம்பி. மொட்டு காத்துக்கிட்டு இருக்கு."

அவர் தண்ணீர் டிரம்மின் மூடிமேல் பையை வைத்துச் செல்லை எடுத்தார். ஆதார். பான் கார்டு. மகளிர் குழுக் கடனுக்காக எடுத்த பான் கார்டு பாஸ்புக்கோடு சுருக்குப் பைக்குள் இருந்தது. ஒவ்வொன்றையும் படம் பிடித்தார்.

"கடை பேரு?"

முத்துப்பேச்சி வாயைத் திறந்தாள். மூடினாள். வந்த சொல் பழைய சொல்.

"சும்மா சொல்லுக்கா. எதாவது ஒரு பேரு."

"பேரே கெடையாதே."

"பத்தொம்பது வருசமா என்னன்னு கூப்பிடுறாங்க?"

"பூக்காரம்மான்னு."

"முத்துப்பேச்சி பூக்கடைன்னு போடு தம்பி" என்றாள் பக்ருன்னிசா. "நான் சாட்சி."

"சாட்சியெல்லாம் வேணாம் பாட்டி."

"பாட்டியா? ஏலே, எனக்கு அம்பத்திரெண்டு."

ஆண்டனிராஜ் தலையைக் குனிந்து தட்டச்சு செய்தார். பிறகு செல்லை முத்துப்பேச்சியின் பக்கம் திருப்பினார். "முகவரிக்கு இடத்தைக் காட்டணும். இது சரியான்னு பாருங்க."

திரையில் திண்டுக்கல் மேலிருந்து தெரிந்தது. ரோடுகள் வெள்ளைக் கோடுகளாக ஓடின. பஸ் ஸ்டாண்டு ஒரு சாம்பல் கட்டம். அதன் ஓரத்தில், வளைவில், ஒரு சின்ன நீலப் புள்ளி மூச்சு விடுவது மாதிரி விரிந்து சுருங்கிக்கொண்டிருந்தது.

"இது என்ன?"

"நீங்க உக்காந்திருக்கிற இடம்."

"நானா?"

"நீங்கதான்க்கா."

அவள் ஒரு அடி தள்ளி நின்று பார்த்தாள். புள்ளி அசையவில்லை. ஒருவேளை அது இடம்தான், ஆள் இல்லை. அந்த ஐந்தடி. அது இத்தனை உயரத்திலிருந்து யாருக்கோ தெரிகிறது. பத்தொன்பது வருடம் தினமும் காலையில் பெருக்கித் தண்ணீர் தெளித்த இடம். மழையில் தார்ப்பாய் பிடித்த இடம். ஒருநாளும் தன்னுடையது என்று வாய்விட்டுச் சொல்லாத இடம்.

பயமும் கூடவே வந்தது.

"தம்பி, இதை அவுகளும் பாப்பாகளா? லாரிக்காரவுக?"

ஆண்டனிராஜ் பொய் சொல்லவில்லை. "தெரியலக்கா. இது எங்க கம்பெனிக்கு, பேங்குக்கு. அதுக்கு மேல யாரு பாப்பாங்கன்னு எனக்குத் தெரியாது. வேணாம்னா விட்டுரலாம்."

கீர்த்தனா கடிகாரத்தைப் பார்த்தாள். வடமதுரைக்கு நான்கு மணி பஸ்ஸை விட்டால் பட்டுச்சேலை மாற்றக்கூட நேரம் இருக்காது.

முத்துப்பேச்சி குனிந்து ஈரத்துணிக்குள் கையை விட்டாள். ஒரு பந்தின் மேல்வரிசையை விரலால் தடவினாள். மொட்டுகள் இன்னும் இறுக்கமாகத்தான் இருந்தன. ஆனால் நுனியில் ஒரு இளக்கம் தொடங்கியிருந்தது. கண்ணுக்குத் தெரியாது. விரலுக்குத் தெரியும்.

"கடைன்னே போடு" என்றாள். "கடைதான்."

"வேற ஒண்ணு, முன்னாடியே சொல்லிர்றேன். கார்டுல வந்தா நூத்துக்கு ரெண்டு ரூபா கிட்டப் பிடிப்பாங்க."

"பஸ்ல என் கூடைக்கு டிக்கெட் எடுக்கலயா? பிடிக்கட்டும்."

"சரி. கடையோட முகப்பு ஒரு போட்டோ. ஓனர் முன்னாடி நிக்கணும்."

முகப்பு என்று ஒன்று இல்லை. ஆண்டனிராஜ் பின்னால் பின்னால் போய் மினி பஸ் ஹாரன் அடிக்கும்வரை போனார். மின்கம்பம், கூடை, டிரம், நடுவில் முத்துப்பேச்சி. சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, ரேஷன் கார்டுக்கு நின்ற மாதிரி நின்றாள். பக்ருன்னிசா ஒரு பூப்பந்தை எடுத்து அவள் கையில் திணித்தாள். "பூக்கடைக்காரி கையில பூ வேணாமா? சும்மா நின்னா போலீஸு போட்டோ மாதிரி இருக்கு." அதைச் சொல்லிவிட்டு அவளும் நகரவில்லை. படத்தில் ஒரு ஓரத்தில் பக்ருன்னிசாவின் வளையல் கொத்து விழுந்துவிட்டது. ஆண்டனிராஜ் அப்படியே அனுப்பிவிட்டார்.

"இனி?"

"அவங்க பாத்து ஓகே பண்ணணும். பத்து நிமிசத்துலயும் வரும். ஒரு நாளும் ஆகும்."

"யாரு பாப்பாக?"

"பெங்களூர்லயோ எங்கயோ. ஆளா, மெசினான்னே எனக்குத் தெரியாதுக்கா."

காத்திருந்தார்கள். ஆண்டனிராஜ் டீ வாங்கிக் குடித்தார். கீர்த்தனா தண்ணீர் டிரம்மில் சாய்ந்து அண்ணனுக்குப் போன் போட்டு, பூ கிடைத்துவிட்டது என்றும் இன்னும் கிடைக்கவில்லை என்றும் மாறி மாறிச் சொன்னாள். முத்துப்பேச்சி ஈரத்துணியைப் பிழிந்து, நனைத்து, மறுபடி போர்த்தினாள்.

"பாப்பா, அந்தப் பேங்குக்காரவுகளுக்கு உன்னைத் தெரியுமா?"

"தெரியாது."

"உங்கப்பாவை?"

"தெரியாதுக்கா."

"உங்க ஊரை?"

"பின்கோடு தெரியும்."

"அப்புறம் எதைப் பாத்து நாப்பதாயிரம் வரைக்கும் எடுத்துக்கன்னு சொல்லியிருக்காக?"

"மாசமாசம் சம்பளம் ஏறுதுல்ல, அதைப் பாத்து. தேதிக்குள்ள கட்டிட்டா வட்டி கெடையாது. கட்டலைன்னாத்தான் கழுத்தைப் பிடிக்கும். நான் கட்டிருவேன்."

முத்துப்பேச்சியின் ஊரில் ஐந்நூறு ரூபாய் கேட்டாலும், யார் மகள், எந்தத் தெரு, போன தடவை எப்போது திருப்பினாய் என்று கேட்டு, முகத்தைப் பார்த்து, பிறகு பெண்சாதியைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்பார்கள். இந்தப் பிள்ளையின் முகத்தையே பார்க்காத ஒருவர், பார்க்கப் போகாத ஒருவர், ஒரு ஆளா மெசினா என்றே தெரியாத ஒருவர் எங்கோ உட்கார்ந்துகொண்டு, இவள் கட்டிவிடுவாள் என்று சொல்லியிருக்கிறார். அதை அவள் இரண்டு மூன்று விதமாக யோசித்துப் பார்த்தாள். எந்த விதத்திலும் அது சின்னதாகவில்லை. கோயில் கோபுரத்தை அடியில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது பிடரி வலிக்குமே, அதுபோல இருந்தது.

மூன்று மணி முப்பத்தி ஐந்து. ஆண்டனிராஜின் செல் ஒரு சத்தம் போட்டது.

"வந்துருச்சா?"

"பேரு வந்துருச்சு. கார்டு எடுக்குமான்னு பாக்கணும். பாப்பா, ஒரு ரூபா போட்டுப் பாருங்க."

பையிலிருந்து புது அட்டையை எடுத்து நீட்டினார். கீர்த்தனா ஸ்கேன் செய்தாள். திரையைப் பார்த்தாள். முத்துப்பேச்சி அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். கார்டு இன்னும் மங்கலாகவே இருந்தது.

"செத்த நேரம் பொறுங்க" என்றார் ஆண்டனிராஜ். முதல்முறையாக அவர் குரலும் தளர்ந்திருந்தது.

மாலைக்கடைக்காரர் சொன்னபடி வந்து நின்றார். மணி நான்குக்குப் பத்து இருந்தது. கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, ரெண்டாயிரத்துக்குச் சம்மதமா?" என்றார்.

"பேச்சு நடக்குதுண்ணே" என்றாள் முத்துப்பேச்சி.

"யாரு கூட?"

கையை மேலே காட்டினாள். அவர் அண்ணாந்து மின்கம்பத்தைப் பார்த்தார்.

கீர்த்தனா மறுபடியும் ஸ்கேன் செய்தாள். இந்தத் தடவை மங்கலாக இருந்தது பளிச்சென்று கறுப்பாக மாறியிருந்தது. அவள் மூச்சை இழுத்தாள். ஒரு ரூபாய் போட்டாள். நான்கு எண்களைத் தட்டினாள். டிக் விழுந்தது. ஆண்டனிராஜ் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். கீர்த்தனா நேரத்தைக் கடத்தாமல் மீதியை அடித்தாள்.

ஒன்பதாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்று ஒன்பது.

முத்துப்பேச்சியின் செல் மடியில் துடித்தது. அவள் அதை உடனே எடுக்கவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டியதை ஆண்டனிராஜ் படித்துக் காட்டினார். அவரே ஏதோ ஒரு பொத்தானை அழுத்தி, "ராத்திரி வரைக்கும் நிக்கவேணாம், இப்பவே பேங்குல ஏத்திவிடுறேன்" என்றார். பஸ் ஒன்று திரும்பிப் போகும் நேரம்தான் ஆனது. பிறகு பேங்கின் மெசேஜும் வந்தது. பிடித்தது போக மீதி. பாஸ்புக்கில் இருந்த அதே நம்பரின் கடைசி நான்கு எண்கள். அதை மட்டும் அவளே படித்தாள்.

மாலைக்கடைக்காரர் ஒன்றும் புரியாமல் போனார்.

அவள் பந்துகளைப் புது வாழையிலையில் சுற்றினாள். நார் இரண்டு தடவை அறுந்தது. பஸ்ஸில் குலுங்காத விரல். பன்னிரண்டையும் அட்டைப்பெட்டியில் அடுக்கிய பின், சில்லறை வியாபாரத்துக்கு வைத்திருந்த சரத்தில் முழங்கையால் அளந்து இரண்டு முழம் அறுத்து, கீர்த்தனாவைத் திருப்பி நிறுத்தி, அவள் ஜடையில் தானே வைத்துவிட்டாள்.

"இது கணக்குல இல்ல. பூ வைக்கப் போறவ வெறுந்தலையோட பஸ் ஏறக்கூடாது."

"வாரேன்க்கா."

"போயிட்டு வா. தேதிக்குள்ள கட்டிரு பாப்பா. உன்னை நம்பியிருக்காக."

கீர்த்தனா பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். வடமதுரை பஸ் நகரத் தொடங்கியிருந்தது. கண்டக்டர் பெட்டியைக் கைநீட்டி வாங்கினார். அவள் தொற்றி ஏறினாள். பஸ் வளைவில் திரும்பும்வரை முத்துப்பேச்சி பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆண்டனிராஜ் புது அட்டையைக் கூடைக் காதில் கட்டிவிட்டு, அடுத்த இடத்துக்குப் போனார். பக்ருன்னிசா வளையலைத் துடைத்தபடி, "பேச்சி, அந்தத் தம்பி நம்பர் இருக்கா?" என்று கேட்டாள். முத்துப்பேச்சி தலையை ஆட்டினாள். காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

ஒச்சப்பன் போன் செய்தார். கல்யாணம் நின்ற விஷயம் அவருக்கு மதியமே தெரியும். அதற்குப் பிறகு கூப்பிடத் தைரியம் வரவில்லை போல.

"என்ன ஆச்சு? பூ வித்துச்சா?"

"வித்துருச்சு."

"எம்புட்டு?"

"பூராவும்."

"யாரு வாங்குனா?"

"ஒரு நர்சுப் பிள்ளை. அதுகிட்டக் காசு இல்ல."

மார்க்கெட்டில் யாரோ பின்னால் சாக்கை உதறும் சத்தம் கேட்டது. "காசு இல்லாமயா குடுத்த?"

"காசு வந்துருச்சு."

"அதுகிட்டத்தான் இல்லேங்குற?"

"இல்ல. ஆனா எனக்கு வந்துருச்சு. பேங்குல ஏறியிருக்கு. நானே படிச்சேன்."

எதிரே மினி பஸ் ஒன்று வந்து, நின்று, ஆட்களை இறக்கிவிட்டு, திரும்பிப் போனது.

"யாரு குடுத்தா?" என்றார் கடைசியில், கோயிலுக்குள் பேசுகிற குரலில்.

"தெரியல" என்றாள். "பாத்ததில்ல."

"அப்ப நாளைக்கு?"

"எப்பவும் போல ரெண்டு கிலோ. நல்ல சாக்காப் பாத்துத் தள்ளி வை. வெடியமுன்ன வந்துருவேன்."